பழைய கணினியில் லினக்ஸ்: எந்த வழியில் நிறுவுவது? டெல்டா ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. இன்டெல் புராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் அதன் பட்டியலில் இல்லை. கும்பகோணத்து டிடிபி கடை, மன்னார்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி, திருத்துறைப்பூண்டியில் ஒரு வீட்டுக் கூடம் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பட்டியலில் இல்லாத கணினிகள் நிறைய இருக்கின்றன. ஜி31 மதர்போர்டு போட்ட டெஸ்க்டாப்புகள், 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த லேப்டாப்புகள், பரணில் கிடக்கும் சின்ன நெட்புக்குகள். இவற்றில் முக்கால்வாசியை இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது "எந்த லினக்ஸ் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அதை எந்த வழியாகக் கணினிக்குள் கொண்டுபோவது? பென்டிரைவா, டிவிடியா, நெட்வொர்க் வழியா, ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டியா? இது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. கணினி எதிலிருந்து பூட் ஆகும், அதாவது ஆன் செய்ததும் எதிலிருந்து எழும் என்பது ஒன்று. உங்கள் ஊரில் கரண்ட்டும் நெட்டும் எப்படி என்பது இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. டெல்டாவில் அதை விட்டுவிட்டு முடிவெடுத்தால் பாதி வேலையில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் கணினியைத் திறந்து பாருங்கள்

பல மாதம் சும்மா கிடந்த கணினியை நேராக ஆன் செய்து இன்ஸ்டாலேஷனில் இறங்காதீர்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசியைத் தட்டுங்கள். ராமை வெளியே எடுத்து, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி அழுத்தி மாட்டுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த முனைகளை மங்க வைத்துவிடும். "டிஸ்ப்ளே வரவில்லை" என்று ஓரங்கட்டப்பட்ட பல கணினிகளுக்கு இது ஒன்றே வைத்தியமாக அமைந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு எடுப்பதானால் ஒரு நாள் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்துவிட்டு அப்புறம் கரண்ட் கொடுங்கள்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி. பழைய கணினிகளில் இது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தீர்ந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) நீங்கள் வைத்த பூட் வரிசை அழிந்துபோகும், தேதியும் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் இணையத்திலிருந்து பேக்கேஜ் (லினக்ஸ் மென்பொருள் தொகுப்பு) இறக்கும்போது "இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிற பாணியில் ஒரு பிழை வரும், பாதுகாப்பான தளங்கள் திறக்காது. நெட் பழுது, லினக்ஸ் பழுது என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். காரணம் இந்தச் சின்ன பேட்டரியாக இருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

பிறகு மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது புராசஸர் 32-பிட்டா, 64-பிட்டா என்பது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் சிஸ்டம் விவரப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 64-பிட் புராசஸரில் 32-பிட் விண்டோஸ் போட்டிருப்பது அந்தக் காலத்தில் சகஜம். அதனால் விண்டோஸின் வகையைப் பார்க்காமல் புராசஸரின் வகையைப் பாருங்கள். கோர் 2 டூயோவும் அதற்குப் பின் வந்த டெஸ்க்டாப் புராசஸர்களும் 64-பிட். பெயரில் '2' இல்லாத கோர் டூயோ 32-பிட். நெட்புக்குகளில் பரவலாக இருந்த ஆட்டம் என்270-ம் 32-பிட்தான். பென்டியம் 4-ல் இரண்டு வகையும் உண்டு, மாடல் எண்ணை வைத்துத் தேடித்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது ராம் எவ்வளவு, எவ்வளவு வரை ஏற்றலாம் என்பது. ஜி31 போர்டு என்றால் 4 ஜிபிதான் உச்சம்.

மூன்றாவது அது எதிலிருந்தெல்லாம் பூட் ஆகும் என்பது. கணினி ஆன் ஆகும்போது எஃப்12, எஃப்8, எஃப்9, எஸ்கேப் ஆகிய சாவிகளில் ஏதாவது ஒன்று பூட் மெனுவைத் திறக்கும். அதில் யூஎஸ்பி, சிடி, நெட்வொர்க் என்று என்னென்ன இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவது விவரம்தான் உங்கள் வழியைத் தீர்மானிக்கப் போகிறது.

எந்த லினக்ஸ் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம்

64-பிட் புராசஸரும் 4 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிடப் பழகிய முகம் வேறில்லை. 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்டிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளத்தோடு (திரையில் தெரியும் மெனு, ஐகான் அமைப்பு) டெபியன், அல்லது ஆன்டிஎக்ஸ். 1 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி.

32-பிட் கணினிக்குத் தேர்வு வேகமாகக் குறைந்துவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரே கிடையாது. மின்ட் 20-லிருந்தே 32-பிட் பதிப்பை நிறுத்திவிட்டது. டெபியன் 12-ஐயும், அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23-ஐயும் பிடித்துக்கொள்ளுங்கள். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்ட கால ஆதரவு உண்டு. அவற்றின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு இன்ஸ்டாலரும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இப்போதே இறக்கி ஓர் ஓரமாகச் சேமித்து வையுங்கள்.

ஓர் உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த லினக்ஸ் போட்டாலும் பிரௌசர் அதே பிரௌசர்தான். 2 ஜிபி ராமில் பத்து டேப் திறந்து வைத்தால் லினக்ஸும் திணறும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ராமையும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டியையும் முதலில் வாங்குங்கள். எஸ்எஸ்டி போட்ட கோர் 2 டூயோவைப் பார்த்தவர்கள் அதைப் பழைய கணினி என்று சொல்வதில்லை.

கரண்ட்டும் நெட்டும்

இன்ஸ்டாலேஷன் இரண்டு வகை. ஒன்றில் எல்லாம் ஐஎஸ்ஓ ஃபைலுக்குள்ளேயே இருக்கும், நெட் இல்லாமல் முழுதாக நிறுவலாம். மின்ட், ஆன்டிஎக்ஸ் முழுப் பதிப்பு, டெபியனின் லைவ் பதிப்பு (நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கக்கூடியது), டெபியனின் முதல் டிவிடி எல்லாம் இந்த வகை. இன்னொன்றில் சின்ன ஐஎஸ்ஓவை மட்டும் இறக்கி, மீதியை நிறுவும் நேரத்தில் நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். டெபியனின் நெட்இன்ஸ்ட் அப்படிப்பட்டது.

சின்ன ஃபைல் என்றதும் இரண்டாவதுதான் நமக்கு வசதி என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெஸ்க்டாப்போடு நிறுவும்போது நெட்இன்ஸ்ட் இழுக்கும் அளவு ஒரு ஜிபியைத் தாண்டக்கூடும். அதுவும் நிறுவும் அந்த நேரத்தில், இடையில் அறுந்துபோகாமல் வர வேண்டும். கிராமத்தில் செல்போன் சிக்னலை நம்பி, நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி கொடுக்கும் பிளானில் இதைச் செய்தால் பாதி பேக்கேஜ் இறங்கியதும் வேகம் படுத்துவிடும். அதே நேரத்தில் கரண்ட்டும் போனால் திரும்ப முதலிலிருந்துதான். முழு ஐஎஸ்ஓவை ஆற அமர, விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரிலோ டோரன்ட்டிலோ இரண்டு மூன்று நாள் இராத்திரியில் இறக்கிக்கொள்ளலாம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் இறக்கி எடுத்துவந்தால் இன்னும் நல்லது. நிறுவும் அன்று நெட்டே வேண்டாம்.

ஆகவே என் கட்சி இதுதான்: வீட்டுக்கும் கடைக்கும் முழு ஐஎஸ்ஓ. நெட்இன்ஸ்ட், நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கும், டெஸ்க்டாப் தேவையில்லாத சர்வர் வேலைக்கும் மட்டும்.

கரண்ட் விஷயத்தில், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்திச் சாயங்காலம் தரும் நாளைத் தவிர்ப்பது எளிது, முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள். அறிவிக்காமல் போவதுதான் சிக்கல். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரி அரை மணியாவது தாங்குமா, டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெற்று டிஸ்க்கில் நிறுவும்போது நடுவில் கரண்ட் போனால் நேரம்தான் நஷ்டம், மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் விண்டோஸ் பார்ட்டிஷனைச் (டிஸ்க்கில் அதற்குப் பிரித்த பகுதி) சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதில் உள்ளதெல்லாம் போய்விடலாம். பயாஸ் அப்டேட்டும் அப்படித்தான், மதர்போர்டே செத்துவிடும். இந்த இரண்டையும் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

இருப்பதை வெளியே எடுத்து வையுங்கள்

குழந்தைகளின் போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரம், பட்டா, சிட்டா, கடையின் கணக்கு, கல்யாணப் பத்திரிகை டிசைன் ஃபைல்கள். எல்லாவற்றையும் வேறொரு டிரைவுக்கு நகல் எடுத்து, அந்த நகல் வேறு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ண வேண்டாம்.

பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அவற்றை நிறுவினால் லிப்ரே ஆபிஸில் அந்த ஆவணங்களைப் படிக்க முடியும்.

இங்கே இ-சேவை மையம், டிடிபி கடை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பேஜ்மேக்கர், கோரல்டிரா ஆகியவற்றை நம்பித் தொழில் நடக்கிறது என்றால் அந்தக் கணினியில் விண்டோஸை அழிக்காதீர்கள். இன்னொரு பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுப் பழகுங்கள். பிரிண்டரையும் முன்கூட்டியே சோதியுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு எச்பிலிப் மென்பொருளோடு ஒரு கூடுதல் பிளக்இன்னும் வேண்டும், அதை இறக்க நெட் தேவை. கேனன் எல்பிபி 2900-க்குத் தனி டிரைவர் வேண்டும், அதை ஓடவைப்பது புதியவர்களுக்குச் சுலபமில்லை.

பென்டிரைவ்: பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வழி

2006, 2007-க்குப் பிறகு வந்த கணினி என்றால் பென்டிரைவிலிருந்து பூட் ஆக வாய்ப்பு அதிகம். 8 ஜிபி போதும், 16 ஜிபி இருந்தால் தாராளம்.

1. இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். தளத்தில் கொடுத்திருக்கும் நீண்ட எழுத்து வரிசையும் உங்கள் ஃபைலுக்கு வரும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் நெட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு துண்டு கெட்டிருந்தாலும் இன்ஸ்டாலேஷன் எண்பது சதவீதத்தில் நின்று, பழியை ஹார்ட் டிஸ்க் மேல் போட வைக்கும்.

2. ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுத ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் என்றால் ரூஃபஸ், எதிலும் ஓட பலேனா எட்சர். ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் என்று வையுங்கள், பழைய பயாஸுக்கு அதுதான் புரியும். அப்படியும் பூட் ஆகவில்லை என்றால் எழுதும்போது கேட்கும் இடத்தில் டிடி இமேஜ் முறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழியும்.

3. பல கணினிகளுக்குச் செய்து கொடுப்பவர் என்றால் வென்டாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பென்டிரைவில் வென்டாயை நிறுவிவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி செய்தால் போதும். மின்ட், டெபியன், ஆன்டிஎக்ஸ் 32-பிட், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் எல்லாம் ஒரே பென்டிரைவில் கிடக்கும், எதிரில் இருக்கும் கணினியைப் பார்த்து மெனுவில் தேர்வு செய்யலாம்.

4. பூட் மெனுவில் பென்டிரைவ் தெரியவில்லையா? பழைய ஏஎம்ஐ பயாஸ்களில் பென்டிரைவ் தனியாக 'யூஎஸ்பி' என்று வராது. ஹார்ட் டிஸ்க் வரிசைப் பட்டியலுக்குள் இரண்டாவதாக ஒளிந்திருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து அதை முதலிடத்துக்கு ஏற்ற வேண்டும். பலர் "இது யூஎஸ்பியில் பூட் ஆகாது" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். பின்பக்கத்து யூஎஸ்பி போர்ட்டில் மாட்டிப் பாருங்கள், முன்பக்க ஒயர்கள் பல கணினிகளில் தளர்ந்திருக்கும்.

5. உள்ளே போனதும் உடனே 'இன்ஸ்டால்' அழுத்தாதீர்கள். லைவ் நிலையிலேயே அரை நாள் ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் பேசுகிறதா? திரை கறுப்பாக நின்றால் பூட் மெனுவில் 'பாதுகாப்பான கிராஃபிக்ஸ்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி இல்லை என்றால் பூட் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து முயலுங்கள்.

6. லைவ் நிலையிலேயே டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவி காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், நிலுவையில் நிற்கும் செக்டார்கள் என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். நிலுவை எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம்.

வைஃபை பிடிக்காத பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் பிராட்காம் சில்லு இருக்கும், தனி ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் மென்பொருள்) கேட்கும். அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர, ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைச் சாதாரண லேன் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் இதற்கு உதவாது.

2013, 2014 வாக்கில் வந்த சில சின்ன லேப்டாப்புகளிலும் டேப்லெட் வகைக் கணினிகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. புராசஸர் 64-பிட், ஆனால் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ 32-பிட். பல ஐஎஸ்ஓக்கள் அதில் பூட் ஆகாமல் திரும்பும். வென்டாய் வழியாக முயன்று பாருங்கள், அல்லது டெபியனை எடுங்கள். இந்தக் கலப்பை டெபியன் கையாளும்.

பென்டிரைவைக் கண்டுகொள்ளாத கணினி

இங்கே மூன்று வழி இருக்கிறது, வரிசையாக முயலுங்கள்.

முதலில் டிவிடி. ஐஎஸ்ஓவை மெதுவான வேகத்தில் எழுதுங்கள், எழுதியபின் சரிபார்க்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். டிவிடி டிரைவே இல்லாமல் சிடி டிரைவ் மட்டும் இருந்தால் 700 எம்பிக்குள் அடங்கும் ஆன்டிஎக்ஸ் கோர் பதிப்பு உதவும். அதில் கிராஃபிக் மேசைத்தளம் இருக்காது, பின்னால் நெட்டிலிருந்து சேர்க்க வேண்டும், எனவே கட்டளை வரி பழகியவர்களுக்கு மட்டும். பழைய டிரைவ்களின் லென்ஸில் தூசி படிந்து படிக்க மறுப்பது சாதாரணம், துடைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பிளாப் பூட் மேனேஜர். இது மிகச் சின்ன ஒரு நிரல். அதைச் சிடியில் எழுதிப் பூட் செய்தால், பயாஸுக்குத் தெரியாத யூஎஸ்பியை அதுவே தேடிப் பிடித்துப் பென்டிரைவிலிருந்து பூட் செய்துகொடுக்கும். 2003, 2004 காலத்துக் கணினிகளுக்கு நல்ல துணை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் மாட்டி, அங்கே நிறுவி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் விண்டோஸைப் போல லினக்ஸ் மதர்போர்டு மாறியதும் முரண்டு பிடிப்பதில்லை. டெபியன் குடும்பத்தில் பூட்டுக்கு வேண்டிய டிரைவர்களில் பெரும்பாலானவற்றைக் கைவசம் வைத்துக்கொண்டே கெர்னல் எழும். டவுனில் நல்ல கரண்ட்டும் நெட்டும் உள்ள இடத்துக்கு டிஸ்க்கை மட்டும் பையில் எடுத்துப்போய் வேலையை முடித்துவிடலாம் என்பது நம் பக்கத்துக்கு எவ்வளவு பெரிய வசதி!

ஆனால் நான்கு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உதவிக்கு வரும் கணினியின் சொந்த டிஸ்க்கை முதலில் கழற்றிவிடுங்கள், தவறுதலாக அதை அழித்துவிட்டால் உறவே கெட்டுவிடும். உங்கள் பழைய கணினி பழைய பயாஸ் என்றால் இன்ஸ்டாலரையும் லெகசி முறையில், அதாவது பழைய பயாஸ் முறையில் பூட் செய்யுங்கள். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய டிஸ்க் பழைய பயாஸில் எழாது. பழைய கணினி 32-பிட் என்றால் 32-பிட் லினக்ஸைத்தான் நிறுவ வேண்டும், அங்கே 64-பிட் நன்றாக ஓடியது என்று ஏமாந்துவிடக் கூடாது. கடைசியாக, டிஸ்க் ஐடிஇ வகையாக, அகல நாடா கேபிளோடு இருந்தால் யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும்.

பள்ளிக்கூட லேப்: ஒரே நாளில் பத்துப் பதினைந்து கணினி

ஒவ்வொன்றாகப் பென்டிரைவ் மாட்டினாலும் முடியும்தான். ஆனால் கணினிகள் எல்லாம் ஒரே மாடல் என்றால் குளோனிங் சுலபம். ஒன்றில் லினக்ஸை நிறுவி, தமிழ் விசைப்பலகை, கல்வி மென்பொருள்கள், மாணவர் கணக்கு எல்லாம் சரிசெய்து, குளோன்ஜில்லா என்ற மென்பொருளால் அந்த டிஸ்க்கை அப்படியே படமெடுத்து மற்றவற்றில் ஊற்றுங்கள். ஊற்றியபின் ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வைக்கவும், மெஷின் ஐடியைப் புதிதாக உருவாக்கவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் எல்லாக் கணினியும் ரூட்டரிடம் ஒரே ஆள் போலப் போய் நின்று ஐபி முகவரிக் குழப்பம் வரும்.

கணினிகள் பலவிதமாக இருந்தால் நெட்வொர்க் பூட். பயாஸில் லேன் பூட் ரோமை இயக்கிவிட்டால் கணினி பிஎக்ஸ்இ முறையில் கேபிள் வழியே இன்ஸ்டாலரைக் கேட்கும். ஒரு லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை நிறுவி, அதன் ப்ராக்ஸி டிஎச்சிபி முறையைப் (ஐபி முகவரியை ரூட்டரே கொடுக்க, பூட் விவரத்தை மட்டும் சொல்வது) போட்டால் பள்ளியின் ரூட்டரைத் தொடாமலேயே அந்த லேப்டாப் பதில் சொல்லும். அதே லேப்டாப்பில் ஆப்ட்-கேஷர்-என்ஜி வையுங்கள். முதல் கணினி இறக்கிய பேக்கேஜ்கள் அதில் தங்கிவிடும், அடுத்த கணினிகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். டேட்டா ஒரு கணினிக்கான அளவுதான் செலவாகும். டெபியனில் ப்ரீசீட் ஃபைல் எழுதி வைத்தால் கேள்விகளுக்கும் அதுவே பதில் சொல்லிக்கொண்டு போகும். வைஃபையில் இதெல்லாம் நடக்காது, சுவிட்சும் லேன் கேபிளும் வேண்டும். லேபுக்கு ஒரே நேரத்தில் எல்லாக் கணினியையும் தாங்கும் யுபிஎஸ் பெரும்பாலும் இருக்காது என்பதால் மூன்று நான்காகப் பிரித்துச் செய்வது நல்லது.

இந்த வேலைக்கு மெனக்கெடும் ஆசிரியர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நிறையப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஓர் ஆள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டுவது

ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கணினியையும் ஒதுக்க வேண்டாம். பப்பி, ஆன்டிஎக்ஸ் இரண்டும் பென்டிரைவிலிருந்தே முழுதாக ராமுக்குள் ஏறி ஓடும். செய்த மாற்றங்களைப் பென்டிரைவில் ஒரு ஃபைலாகச் சேமிக்கலாம். டிஸ்க் நன்றாக இருந்தால் 'ஃப்ரூகல்' முறையில் ஒரே ஒரு ஃபோல்டராக அதில் வைக்கலாம், பார்ட்டிஷன் எதையும் வெட்ட வேண்டியதில்லை. அடிக்கடி கரண்ட் போகும் இடத்துக்கு இது மிகவும் பொருந்தும். சிஸ்டம் ஃபைல்களில் எழுதும் வேலையே இல்லாததால் திடீரென்று அணைந்தாலும் அவை கெடுவது அரிது. ஆனால் சேமிக்காத வேலை போய்விடும், அதை நினைவில் வையுங்கள்.

விண்டோஸும் இருக்கட்டும் என்றால்

முதலில் விண்டோஸுக்குள் இருந்தே, அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியால் இடத்தைச் சுருக்குங்கள். விண்டோஸ் 8, 10 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை, லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுதுவது ஆபத்து.

எம்பிஆர் டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம். விண்டோஸ் 7 காலத்துப் பல லேப்டாப்புகளில் தயாரிப்பாளரே நான்கையும் நிரப்பித் தந்திருப்பார். சுருக்கி எடுத்த இடம் 'பயன்படுத்த முடியாது' என்று காட்டினால் காரணம் இதுதான். ரெகவரி பார்ட்டிஷனை நகலெடுத்துவிட்டு நீக்கி, அந்த இடத்தில் பல பார்ட்டிஷன்களை உள்ளே கொள்ளும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் உருவாக்கினால் லினக்ஸுக்கு வழி கிடைக்கும்.

பார்ட்டிஷன், அதன் பிறகு

முழு டிஸ்க்கும் லினக்ஸுக்கே என்றால் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதி) 30 ஜிபி, மீதி ஹோமுக்கு (உங்கள் ஃபைல்கள் இருக்கும் பகுதி). பின்னாளில் சிஸ்டத்தை மட்டும் மாற்றும்போது ஹோம் அப்படியே நிற்கும். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4. அது ஜர்னல் (செய்யும் மாற்றங்களின் குறிப்பேடு) வைத்துக்கொள்வதால் திடீர் மின்வெட்டுக்குப் பிறகு தானே சரிசெய்துகொண்டு எழும். ராம் 2 ஜிபிக்குக் கீழே என்றால் 2 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வையுங்கள், ஸீராமையும் இயக்குங்கள். அது ராமிலேயே தகவலைச் சுருக்கி வைத்து இடம் பண்ணித்தரும்.

பூட்லோடர் (லினக்ஸை எழுப்பும் சின்ன நிரல்) எந்த டிஸ்க்கில் என்று கேட்கும்போது கணினியின் டிஸ்க்கைச் சுட்டுங்கள். அவசரத்தில் பென்டிரைவைச் சுட்டிவிட்டால், பென்டிரைவைப் பிடுங்கியதும் கணினி எழாது.

தமிழுக்கு வருவோம். டெபியனின் கிராஃபிக் இன்ஸ்டாலரில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, கேள்விகளையே தமிழில் படிக்கலாம். நிறுவியபின் நோட்டோ தமிழ் எழுத்துருக்களைச் சேருங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் மற்றும் அதன் எம்17என் பேக்கேஜ். அதில் தமிழ்99 இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கிறது. 1 ஜிபி ராம் கணினியிலும் இவை சுமையில்லாமல் ஓடும்.

முதல் அப்டேட் பெரிதாக இருக்கும், சில நூறு எம்பி தாண்டும். அதை டேட்டா மிச்சம் இருக்கும் ஓர் இரவில் போடுங்கள். அப்புறம் அந்தப் பென்டிரைவை அழிக்காமல் ஒரு கவரில் போட்டுக் கணினியின் பெயரையும் பூட் மெனு சாவியையும் மேலே எழுதி வையுங்கள். பின்னாளில் சிஸ்டம் எழாமல் போனால், அதில் லைவ் நிலையில் நுழைந்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம்.